நிறுத்த வேண்டிய இடம்: மரக்காணத்து அளங்களும் மறுதொடக்கத்திற்கான அறிவும்

நாகரிகம் அடியோடு சிதைந்துபோனால் அதை மீண்டும் கட்டியெழுப்ப எந்த அறிவைக் காத்து வைத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அறிஞர்கள் பலவகையில் விடை தேடியிருக்கின்றனர். இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபைன்மன் 1961 முதல் 1963 வரை கலிபோர்னியாவில் நிகழ்த்திய புகழ்பெற்ற விரிவுரைகளின் தொடக்கத்திலேயே, அறிவியல் முழுவதும் அழிந்து ஒரே ஒரு வாக்கியம் மட்டும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேருமானால், எல்லாப் பொருள்களும் அணுக்களால் ஆனவை என்பதே அவ்வாக்கியமாக இருக்க வேண்டும் என்றார். லூயிஸ் டார்ட்னெல் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் வேளாண்மையிலிருந்து வேதியியல்வரை மறுதொடக்கத்திற்கான வழிகளை ஒரு முழுப் புத்தகமாகவே விரித்தது. விதைகளைக் காப்பதற்கென நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் 2008ஆம் ஆண்டு உறைபனிக் கிடங்கொன்று திறக்கப்பட்டது. இவற்றின் பயனை மறுப்பதற்கில்லை. எனினும், அணுக்கொள்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கடல்நீர் முன்னே நிற்கும் ஒருவர் ஒரு கைப்பிடி நல்ல உப்பை எடுப்பதற்குப் பல தலைமுறைகள் தடுமாற வேண்டியிருக்கும். அத்தடுமாற்றத்தின் நடுவே எத்தகைய அறிவு விடுபட்டிருக்கிறது என்பதை ஆராய்வதற்கு மரக்காணம் கடற்கரை பொருத்தமான களம்.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணம் அமைந்துள்ளது. ஒருபுறம் எக்கியார்குப்பம் முதலிய மீனவர் குப்பங்கள். மறுபுறம் கழுவெளி என்னும் பரந்த உவர்நீர்ப் பரப்பு, அதை 2021ஆம் ஆண்டு தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஆந்திரக் கடற்கரையிலிருந்து சென்னை வழியாகத் தெற்கே வரும் பக்கிங்காம் கால்வாய் இங்கேதான் முடிகிறது. இவற்றுக்கிடையே கிடக்கும் தட்டையான களிமண் நிலத்தில் அளங்கள் என்னும் உப்புப் பாத்திகள் பரந்திருக்கின்றன. ஒரே நிலப்பகுதியில் மீனும் உப்பும் கிடைப்பதன் பொருளியல் விளைவு எளிது. உப்பு மீனின் தசையிலுள்ள நீரை வெளியே இழுத்து, நுண்ணுயிர்கள் பெருக இயலாத நிலையை உண்டாக்குவதால், ஒருநாள் பண்டமாகிய மீன் பல மாதப் பண்டமாகிய கருவாடாகிறது. பனிக்கட்டியும் மின்சாரமும் இல்லாத உலகில் உணவைக் காலத்திலும் தூரத்திலும் நகர்த்துவதற்கு இதைவிட மலிவான வழி கிடையாது.

கடல்நீரை வெயிலில் காயவைத்தால் உப்பு கிடைக்கும் என்பது அனைவரும் அறிந்ததே. ஆனால் அவ்வறிவு பாதி உண்மைதான். ஆயிரம் லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிலோ உப்புகள் கரைந்துள்ளன. அவற்றில் சமையலுக்கு உதவும் சோடியம் குளோரைடு சுமார் 27 கிலோ மட்டுமே. எஞ்சியவை சுண்ணாம்புச் சேர்மங்களும், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றின் உப்புகளும் ஆகும். ஒரு பாத்தியில் நீரை நிறுத்தி முற்றிலும் வற்றவிட்டால் இவையனைத்தும் ஒன்றாகக் கலந்து, கசப்பும் ஈரமும் மிக்க ஒரு பொருளே எஞ்சும். உப்பளத் தொழிலின் நுட்பம், இவை ஒரே நேரத்தில் படிவதில்லை என்ற உண்மையைப் பயன்படுத்திக்கொள்வதில் இருக்கிறது. இத்தாலிய வேதியியலாளர் உசிலியோ 1849ஆம் ஆண்டு மத்தியதரைக் கடல்நீரைப் படிப்படியாக வற்றச்செய்து, எந்தக் கட்டத்தில் எது படிகிறது என அளந்து வெளியிட்டார்: முதலில் சுண்ணாம்புச் சத்து, நீர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறையும்போது ஜிப்சம், பத்தில் ஒரு பங்காகக் குறையும்போதுதான் உப்பு, அதன் பின்னரே மக்னீசியத்தின் கசப்பு உப்புகள்.

அளத்தின் அமைப்பு இந்த வரிசையையே நிலத்தில் வரைந்து காட்டுகிறது. கழியிலிருந்தோ நிலத்தடியிலிருந்தோ எடுக்கப்படும் உவர்நீர் முதலில் ஆழமான தேக்கத்தில் நிற்கிறது. அங்கிருந்து அடுத்தடுத்த பாத்திகளுக்கு மாற்றப்பட்டு, போகப்போகக் கனமாகி, வேண்டாத சுண்ணாம்பையும் ஜிப்சத்தையும் வழியிலேயே விட்டுவிட்டு, கடைசிப் பாத்திக்கு வரும்போது உப்பு விளையும் பதத்தை அடைகிறது. நீர்மத்தின் அடர்த்தியைக் குறிக்கும் போமே அளவுகோலில் கடல்நீர் சுமார் மூன்றரை டிகிரி காட்டும். உப்பு விளையத் தொடங்குவது ஏறத்தாழ 25 டிகிரியில். அடர்த்தி 29 அல்லது 30 டிகிரியை எட்டுவதற்குள் நீரிலிருந்த உப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு படிந்துவிடுகிறது. மீதி கால் பங்குக்கு ஆசைப்பட்டு மேலும் காயவிட்டால் மக்னீசிய உப்புகள் கூடவே இறங்கும். ஆகவே அந்த நிலையில் எஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்து அளங்களில் அதை நஞ்சோடைத் தண்ணீர் என்பர். மழைக்காலத்தில் ஜாடிக்குள் கசிந்து ஒழுகும் கல்லுப்பு, அந்த நீர் உரிய நேரத்தில் வடிக்கப்படாத பாத்தியிலிருந்து வந்தது என்று கொள்ளலாம். காற்றிலுள்ள ஈரத்தை அவ்வாறு ஈர்ப்பது உப்பன்று, அதனுடன் ஒட்டிக்கொண்டிருக்கும் மக்னீசியம் குளோரைடு. வாரிய உப்பை உடனே மூட்டை கட்டாமல் அம்பாரமாகக் குவித்துச் சிலகாலம் விட்டுவைப்பதும் அக்கசப்பு ஈரத்தோடு வடிந்து போவதற்கே உதவுகிறது.

உப்பைச் செய்யும் அறிவில் கடினமான பகுதி, ஆகவே, நிறுத்துவதைப் பற்றியது. எப்போது தொடங்குவது என்பதை வெயில் சொல்லிவிடும். எப்போது கைவிடுவது என்பதை ஓர் எல்லைக்கோடுதான் சொல்ல இயலும். மறுதொடக்கத்திற்கான எந்தப் பட்டியலும் இத்தகைய எல்லைக்கோடுகளைத் தாங்கியிருக்கிறதா என்பதே அப்பட்டியலின் தரத்தை அறிவதற்கான முதற் சோதனை எனலாம்.

எல்லையை எண்ணால் குறித்தால் மட்டும் போதாது, அந்த எண்ணை அளக்கும் கருவியும் வேண்டுமே என்ற ஐயம் இங்கு எழும். இதற்கு வியக்கத்தக்க எளிய விடை உண்டு. பிரெஞ்சு மருந்தாளர் அந்துவான் போமே 1768ஆம் ஆண்டு அமைத்த அளவுகோலுக்கு இரண்டே இரண்டு நிலைப்புள்ளிகள்: தூய நீரில் மிதவை மூழ்கும் மட்டம் சுழி, எடையில் 15 பங்கு உப்பும் 85 பங்கு நீரும் சேர்ந்த கரைசலில் அது மூழ்கும் மட்டம் 15. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நீளத்தைப் பதினைந்தாகப் பகுத்து, அதே இடைவெளியைக் கீழ்நோக்கித் தொடர்ந்து குறித்தால் 25ஆம் கோடும் 30ஆம் கோடும் தாமாகவே கிடைக்கும். அடியில் கனம் கட்டிய ஒரு மெல்லிய குழாய், மழைநீர், ஒரு தராசு, முந்தைய பருவத்தில் கிடைத்த ஓரளவு நல்ல உப்பு ஆகியவை இருந்தால் போதும். உப்பைச் சீராக்கும் கருவியை உப்பைக்கொண்டே உருவாக்கிவிடலாம். முட்டையை மிதக்கவிட்டுப் பார்க்கும் பழைய வழக்கம் இதற்கு ஈடாகாது. புது முட்டை ஏறத்தாழ 10 டிகிரியிலேயே மிதந்துவிடுவதால், ஊறுகாய்க்கான உப்புநீருக்கு அது உதவுமே தவிர 29க்கும் 32க்கும் உள்ள வேறுபாட்டை அது காட்டாது. காத்து வைக்க வேண்டிய குறிப்புகளில் தன்னைத்தானே மீண்டும் உருவாக்கிக்கொள்ளக்கூடிய இத்தகைய அளவைகளுக்கு முதலிடம் தரவேண்டும். போமேயின் இரண்டு புள்ளிகளை விளக்க நான்கு வரிகள் போதும்.

இக்கடற்கரை பற்றிய எழுத்துச் சான்று மிகப் பழமையானது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினத்தை ஆய்வாளர் பலர் மரக்காணமாகவே கொள்வர். அதே நூல் உப்பு வணிகராகிய உமணரின் வண்டித்தொடரையும், அவர்களோடு பிள்ளையைப்போல் வந்த குரங்கையும்கூடக் காட்டுகிறது. அந்நூல் இடம்பெறும் பத்துப்பாட்டை உ.வே.சாமிநாதையர் 1889ஆம் ஆண்டு நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்து, அது அழியாமல் காத்தார். ஆனால் அந்த வண்டியில் ஏறிய உப்பு எந்தப் பதத்தில் வாரப்பட்டது, எந்த நீர் வடிக்கப்பட்டது என்பதைப் பாட்டில் தேடுவது வீண். கவிதையின் பணி அதுவன்று என்பது உண்மைதான். இருப்பினும், ஓலையை அடுத்தடுத்த தலைமுறைகளில் பெயர்த்தெழுதிக் காத்த ஒரு பண்பாடு எதைப் பெயர்த்தெழுதியது, எதைக் கைகளிடமே விட்டுவிட்டது என்ற கேள்வியை அது எழுப்பத்தான் செய்கிறது.

கைத்தொழில்களை எழுத்தில் பதிந்த பண்பாடுகளிலும் அப்பதிவு தப்பிப்பிழைத்தது தற்செயலாகவே. சீனத்தில் சோங் யிங்சிங் 1637ஆம் ஆண்டு வெளியிட்ட தியன்கோங் காய்வு என்ற நூல், உப்பு, சர்க்கரை, மட்பாண்டம், வார்ப்பு எனத் தொழில் ஒவ்வொன்றையும் படங்களுடன் விளக்கியது. அடுத்து வந்த ஆட்சியில் அந்நூல் சீனத்திலேயே ஏறத்தாழ மறைந்துவிட, 18ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் அச்சான பதிப்பின் வழியாகவே இருபதாம் நூற்றாண்டுச் சீனர்கள் அதைத் திரும்பப் பெற்றனர். பிறந்த இடத்திலேயே பூட்டி வைத்த ஒற்றைப் படிக்குப் பாதுகாப்பு என்று பெயரில்லை.

அறிவு அழிவதற்குப் பேரழிவுகள் தேவையில்லை என்பதற்குத் தமிழகத்திலேயே சான்றுண்டு. கடலிலிருந்து தொலைவான உள்நாட்டில் உவர்மண்ணைச் சுரண்டி, நீர் ஊற்றி வடித்து, அந்த வடிநீரைக் காய்ச்சியோ வெயிலில் உலர்த்தியோ உப்பெடுத்தவர்கள் உப்பிலியர், உப்பரவர் எனப்பட்ட மக்கள். அதே மண்வடிநீரிலிருந்து வெடியுப்பைத் தனியே பிரித்தெடுக்கவும் அவர்களில் பலர் அறிந்திருந்தனர்; படிகமாகும் வரிசையைக்கொண்டு இரண்டு உப்புகளைப் பிரிக்கும் இந்நுட்பம், அளத்தில் நிகழ்வதன் இன்னொரு வடிவமே. சென்னை மாகாணத்தில் ஆங்கிலேயர் 1805ஆம் ஆண்டு உப்பை அரசின் தனியுரிமையாக்கினர். உப்பு வரி வருவாயைக் காக்கும் பொருட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மண்ணுப்பு எடுத்தல் கடுமையாக ஒடுக்கப்பட்டது. அம்மக்கள் குளம் வெட்டுதல், மண்வேலை முதலிய தொழில்களுக்கு மாறினர். எட்கர் தர்ஸ்டன் 1909ஆம் ஆண்டு வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற தொகுதிகளில் இம்மாற்றம் பதிவாகியுள்ளது. 1930ஆம் ஆண்டு வேதாரணியத்தில் இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் உப்பு அள்ளியபோது அவர்கள் எதிர்த்தது வரியை. ஆனால் அந்த வரி அதற்குள் ஒரு தொழிலறிவையும் பெருமளவு விழுங்கிவிட்டிருந்தது என்பது விடுதலை வரலாற்றில் அதிகம் பேசப்படாத செய்தி.

மரக்காணத்துக்குத் தெற்கே, புதுச்சேரியை அடுத்துள்ள அரிக்கமேடு இன்னொரு வகை இழப்பைக் காட்டுகிறது. 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலரும், அவருக்குப்பின் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழ்ந்த அவ்விடம், கண்ணாடி மணிகள் செய்யும் பெருங்களமாக விளங்கியது. உருகிய கண்ணாடியைத் துளையோடு நீண்ட குழாயாக இழுத்து, சிறுசிறு துண்டுகளாக நறுக்கி, மீண்டும் சூடாக்கி முனைகளை உருட்டும் அந்த இழுப்புமுறை மணிகள் தென்கிழக்காசியா, ஆப்பிரிக்கா வரை பரவியுள்ளன. ஆய்வாளர் அவற்றை இந்தோ-பசிபிக் மணிகள் என்கின்றனர். மணிகள் அருங்காட்சியகங்களில் குவிந்து கிடந்தபோதிலும், அவை எவ்வாறு இழுக்கப்பட்டன என்பது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டை என்ற சிற்றூரில் அதே முறையில் மணி இழுக்கும் குடும்பங்கள் தொடர்ந்து தொழில் செய்துவந்ததை பீட்டர் பிரான்சிஸ் முதலிய ஆய்வாளர்கள் கண்டு பதிவுசெய்த பின்னரே அம்முறை தெளிவாயிற்று. பொருளைத் தோண்டி எடுத்துவிடலாம். சூட்டின் எந்தப் பதத்தில் இழுக்கத் தொடங்குவது, எந்தப் பதத்தில் விட்டுவிடுவது என்பதை மண் வைத்துக் காப்பதில்லை.

எக்கியார்குப்பத்தின் பெயரைத் தமிழகம் முழுவதும் கேட்டது 2023ஆம் ஆண்டு மே மாதத்தில். அங்கும், அதே நாள்களில் அண்டை மாவட்டமான செங்கல்பட்டிலும், மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அதே வேதிப்பொருள் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. இக்கட்டுரையின் பொருளுக்கு இது புறம்பானதன்று. குடிக்கும் சாராயத்திலுள்ள எத்தனாலும், மரத்தைக் காற்றின்றிக் கருக்கி முன்னாளில் எடுக்கப்பட்டு, 1920களிலிருந்து ஆலைகளில் பேரளவில் தயாரிக்கப்படும் மெத்தனாலும் நிறத்திலும் மணத்திலும் சுவையிலும் மனிதப் புலன்களுக்கு ஏறக்குறைய ஒன்றே. உடலுக்குள் சென்ற மெத்தனாலைக் கல்லீரல் ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அது முதலில் பார்வை நரம்பையும் பின்னர் உயிரையும் தாக்குகிறது. அந்த மாற்றம் நிகழ மணிக்கணக்கில் ஆவதால், குடித்தவர் தமக்கு ஒன்றுமில்லை என்று நம்பி வீட்டிலேயே இருந்துவிடுகிறார். கண் மங்கும்போது மருத்துவத்திற்கான பொன்னான நேரம் கடந்திருக்கும். விரைவில் மருத்துவமனையை அடைந்தவருக்கு, அம்மாற்றத்தைத் தடுக்கும் மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உயிர் காக்கக்கூடும்.

இச்சாவுகளுக்கான குற்றப்பொறுப்பு நீதிமன்றங்கள் ஆராய வேண்டியது. அறிவின் வரலாறு என்ற கோணத்தில் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஆலைக்குள் மெத்தனால் இருக்கும்வரை அதனோடு பெயர்ச்சீட்டும், பதிவேடும், அதன் நஞ்சுத்தன்மை பற்றிய அறிவும் சேர்ந்தே இருக்கின்றன. கள்ளத்தனமாக வெளியேறும்போது பொருள் மட்டும் வெளியேறுகிறது, எச்சரிக்கை உள்ளேயே தங்கிவிடுகிறது. நாகரிகம் சிதைந்த பின்னர் கிடங்குகளில் எஞ்சும் பீப்பாய்களுக்கிடையே வாழப்போகும் மக்களின் நிலை இதிலிருந்து வேறாக இருக்காது. அவர்களுக்கு வடித்திறக்கும் முறையைக் கற்பிக்கும் நூல், வடித்ததில் எதைத் தொடக்கூடாது என்பதையும், எந்த அறிகுறி எத்தனை நேரம் பிந்தி வரும் என்பதையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் சொல்லியாக வேண்டும். பிற்சேர்க்கைக்குத் தள்ளப்படும் எச்சரிக்கையைப் படியெடுப்போர் முதலில் விட்டுவிடுவர்.

உப்பிலிருந்து பெறப்படும் அடுத்தகட்ட வேதியியலும் இதே பாடத்தைப் பெரிய அளவில் காட்டுகிறது. சோப்புக்கும் கண்ணாடிக்கும் காகிதத்திற்கும் வேண்டிய சோடாவை உப்பிலிருந்து செய்யும் முறையை நிக்கொலா லெபிளாங் 1791ஆம் ஆண்டு வகுத்தார். அம்முறை வெளிவிட்ட ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை இங்கிலாந்தின் ஆலை நகரங்களைச் சுற்றிய பயிர்களைக் கருக்கியதால், 1863ஆம் ஆண்டு அதற்கென்றே ஒரு சட்டம் தேவைப்பட்டது. சோடா செய்யும் அறிவு கைக்கு வந்து எழுபது ஆண்டுகள் கடந்த பின்னரே, அதன் கழிவை என்ன செய்வது என்ற அறிவு கட்டாயமாயிற்று. இரண்டாவது முறை தொடங்குவோர் அந்த எழுபது ஆண்டுகளையும் மறுபடி வாழ வேண்டிய கட்டாயமில்லை.

புலப்படாத குறைபாடுகளைப் பற்றிய அறிவு இன்னும் நுட்பமானது. கடலில் அயோடின் இருப்பதால் கடலுப்பிலும் அது போதுமான அளவு இருக்கும் என்ற நம்பிக்கை பரவலானது. உண்மையில் வெயிலில் விளைந்த உப்பில் அது மிகச் சொற்பமே எஞ்சுகிறது. வி.இராமலிங்கசாமியும் அவருடைய குழுவினரும் 1956ஆம் ஆண்டு இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய நீண்ட ஆய்வு, உப்பில் சேர்க்கப்படும் சிறிதளவு அயோடின் கழுத்துக்கழலையைக் குறைப்பதை நிறுவியது. அதன் அடிப்படையில் 1962ஆம் ஆண்டு தேசியத் திட்டம் பிறந்தது. இந்தியாவில் வகுக்கப்பட்ட விதி, உற்பத்தியிடத்தில் பத்து லட்சத்தில் 30 பங்கும் நுகர்வோரிடம் சேரும்போது 15 பங்கும் அயோடின் இருக்க வேண்டும் என்றது. இடைவழியில் பாதி போய்விடக்கூடும் என்ற எதிர்பார்ப்பு அந்த இரண்டு எண்களுக்குள் அடங்கியிருந்தது. ஈரமும் வெப்பமும் மிக்க நாட்டில் அயோடைடு விரைவில் வீணாகும் என்பதால் அயோடேட் தேர்ந்தெடுக்கப்பட்டதும் அத்தகைய ஓர் எல்லையறிவே. எந்த உப்பளத் தொழிலாளியும் தலைமுறை அனுபவத்தால் இதை எட்டியிருக்க முடியாது. கைத்தொழில் அறிவைப் போற்றுவோர் சில நேரம் மறந்துவிடும் வரம்பு இது. பாத்தியின் அறிவும் ஆய்வுக்கூடத்தின் அறிவும் ஒன்றையொன்று பதிலீடு செய்வதில்லை. 1954ஆம் ஆண்டு பவநகரில் தொடங்கப்பட்ட மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனம், அளங்களில் வீணாக வடிக்கப்படும் கசப்பு நீரிலிருந்து பொட்டாசிய உரத்தையும் மக்னீசியச் சேர்மங்களையும் பிரித்தெடுக்கும் முறைகளை உருவாக்கியிருப்பது, இரண்டும் சந்திக்கும் இடத்திற்கு நல்ல எடுத்துக்காட்டு.

இனி எஞ்சுவது, எழுத்தில் ஏற்றக் கடினமான பகுதி. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இறங்கியதும் மரக்காணத்து அளங்கள் நீரில் மூழ்கித் தொழில் நின்றுவிடுகிறது. 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது விழுப்புரம் மாவட்டமே வெள்ளக்காடாயிற்று. மழை விட்டபின் சேற்றை வாரி, வரப்பைக் கட்டி, பாத்தியின் அடித்தளத்தைக் காலால் மிதித்து மிதித்து நீர் இறங்காதபடி இறுக்குவது புதிய பருவத்தின் முதல் வேலை. களிமண் எந்த ஈரத்தில் மிதிபட வேண்டும் என்பதற்குப் போமே அளவு கிடையாது. காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் குழையும். நடுவிலிருக்கும் ஒரு நாளையோ அரைநாளையோ கணித்து ஆள் இறக்குவது மூத்த தொழிலாளரின் பாதம் அறிந்த செய்தி. இதைப் படமாகவும் காணொளியாகவும் பதியலாம், பதியவும் வேண்டும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் சிலரேனும் மிதித்துக்கொண்டிருந்தால்தான் அப்பதிவைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஆட்கள் இருப்பர்.

அவ்வாறு மிதிப்போர் பெரும்பாலும் நாட்கூலிகள். அவர்களில் பெண்கள் கணிசமானோர். ஆண்டில் மூன்று மாதம் வேலையின்றிக் கழியும் தொழிலில் அடுத்த தலைமுறை நிலைக்காது என்பதால், அந்த மழை மாதங்களின் வருவாய் இழப்புக்காகத் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ரூ.5,000 நிவாரணம் வழங்கும் திட்டத்தைக் கொண்டுவந்துள்ளது. அரசுக் கோப்பில் அது நலத்திட்டம் என்ற தலைப்பில் இருக்கிறது. உறைபனிக் கிடங்கில் விதையைக் காக்கச் செலவிடப்படும் தொகையோடு அதே கணக்கில் வைத்து எண்ணத்தக்க செலவு அது. மூன்று மாத வறுமைக்கு ஐயாயிரம் ரூபாய் போதுமா என்பதையும் அந்தக் கணக்கிலேயே கேட்க வேண்டும்.